ஜிசெல்: மேடைக்கான பாலேயைத் திரையில் பார்ப்பது

ஜிசெல் பாலேயின் எந்தப் படப்பதிவை எடுத்துக்கொண்டாலும் ஒரு விஷயம் பிடிபடும். முதல் அங்கத்தில் கேமரா பெரும்பாலும் நமக்கு உதவுகிறது. இரண்டாம் அங்கத்தில் பெரும்பாலும் இடைஞ்சல் செய்கிறது. இரண்டு அங்கங்களும் கட்டப்பட்ட விதம் அப்படி. முதலாவது, முகமும் கையும் சொல்லும் கதை. இரண்டாவது, தலைமுதல் பாதம்வரை ஒரே கோடாக நிற்கும் உடலும், இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து மேடைத் தரையில் போடும் கோலமும். முகத்தைக் காட்டுவதற்குக் கேமராவைப் போல வசதியான கருவி வேறில்லை. கோலத்தைக் காட்ட வேண்டுமானால் அது தள்ளிப் போய், உயரத்தில், அசையாமல் நிற்க வேண்டும். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் பொறுக்க முடியாத வேலை.

இந்தப் பாலே முதலில் மேடையேறியது 1841 ஜூன் 28 அன்று, பாரிஸ் ஓபெராவில். கவிஞர் தியோஃபில் கோத்தியே, ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே எழுதியிருந்த ஒரு நாட்டார் நம்பிக்கையைப் படித்துவிட்டு, வெர்னுவா த சான்-ஜார்ஜுடன் சேர்ந்து கதை அமைத்தார். இசை அடோல்ஃப் ஆதாம். நடன அமைப்பு ஜான் கொரல்லி பெயரில் அறிவிக்கப்பட்டது. நாயகி கார்லோட்டா கிரிசியின் நடனங்களை ஜூல் பெரோ அமைத்தார். பாரிஸ் 1868க்குப் பிறகு ஜிசெலை விட்டுவிட்டது. ரஷ்யா விடவில்லை. அங்கே நடன அமைப்பாளர் மரியுஸ் பெத்திபா திருத்தித் திருத்திக் காத்துவைத்த வடிவம்தான், 1910இல் தியாகிலெவ் நடத்திய ரஷ்ய பாலேக் குழுவோடு மீண்டும் பாரிஸுக்கு வந்தது. இன்று திரையில் நாம் பார்க்கும் மரபு வடிவங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ரஷ்ய வடிவமே வேர்.

கதை எளியது. ரைன் நதிக்கரைப் பக்கம், திராட்சை அறுவடைக் காலம். இதயம் பலவீனமான கிராமத்துப் பெண் ஜிசெல். ஆடக்கூடாது என்று தாய் தடுத்தும் ஆடுகிறாள். அவள் காதலிக்கும் 'குடியானவன்' உண்மையில் ஆல்பிரெக்ட் என்ற பிரபு. பத்தில்டா என்ற சீமாட்டியுடன் அவனுக்கு ஏற்கனவே நிச்சயமாகியிருக்கிறது. ஜிசெலை விரும்பும் வனக்காவலன் ஹிலாரியன் அதைப் போட்டு உடைக்கிறான். அவள் சித்தம் கலங்கி இறக்கிறாள். இரண்டாம் அங்கம் நள்ளிரவுக் காடு. ஏமாற்றப்பட்டு, கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகளான விலிகள், கையில் சிக்கும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைப்பார்கள். அவர்களின் அரசி மிர்த்தா. ஹிலாரியன் சாகிறான். ஆல்பிரெக்டை, விடியற்காலை மணி அடிக்கும்வரை, ஜிசெல் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றுகிறாள். ஒவ்வோர் அங்கமும் ஏறக்குறைய 50 நிமிடம்.

முதல் அங்கம்: முகமும் கையும்

பாலேயில் பேச்சு இல்லை; ஆனால் சைகை மொழி உண்டு. அதில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் முதல் அங்கம் முழுக்க விளங்கிவிடும். தலைக்கு மேல் இரு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் நடனம். முகத்தைச் சுற்றி ஒரு கை வட்டமிட்டால் அழகு. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் திருமணம். இரண்டு விரலை வானத்தை நோக்கி உயர்த்தினால் சத்தியம். இரு கை முஷ்டிகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்து உடலுக்கு முன்னே கீழ்நோக்கி இறக்கினால் மரணம்.

இவற்றை வைத்து ஜிசெலின் தாய் பெர்த்தா ஒரு நீண்ட 'பேச்சு' பேசுகிறாள். அந்தக் காட்டில், நள்ளிரவில், கல்லறையிலிருந்து எழுந்து வருவார்கள், சிறகு இருக்கும், ஆண்களை ஆடவைத்துக் கொல்வார்கள், நீயும் இப்படி ஆடிக்கொண்டே இருந்தால் அவர்களில் ஒருத்தியாவாய். 'நடனம்' என்ற சைகை அப்படியே கீழிறங்கி 'மரணம்' ஆகிறது. இரண்டாம் அங்கத்தின் விதி முழுவதும் இந்த ஓரிரு நிமிடத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது. பல தயாரிப்புகளில் இதைச் சுருக்கிவிட்டார்கள். சிலவற்றில் எடுத்தே விட்டார்கள். லண்டன் ராயல் பாலே ஆடிவரும் பீட்டர் ரைட் தயாரிப்பில் இது முழுமையாக இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்களை அந்தத் தயாரிப்பின் பதிவிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கேமரா இங்கேயும் தவறு செய்வதுண்டு. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது பரதநாட்டியம் கற்பவர் ஆரம்பத்திலேயே கேட்கும் பாடம். பாலே சைகையிலும் அதேதான். குளோசப் முகத்தோடு நின்று கையை வெட்டிவிட்டால் பாதி வாக்கியம் போய்விடுகிறது. இடுப்புக்கு மேல், தலைக்கு மேலே ஒரு முழம் இடம் விட்டு எடுத்த ஷாட்தான் சைகைக்குச் சரி.

கூர்ந்து பார்க்க வேண்டிய சிறு நிகழ்வு ஒன்று: பூ இதழ். அவன் என்னைக் காதலிக்கிறானா இல்லையா என்று ஜிசெல் ஒரு வெள்ளைப் பூவின் இதழ்களைப் பறித்துக்கொண்டே வருகிறாள். மிச்சத்தைக் கண்ணால் எண்ணிப் பார்க்கிறாள். 'இல்லை' என்று முடியப்போகிறது. பூவைப் போட்டுவிடுகிறாள். ஆல்பிரெக்ட் அதை எடுத்து, அவள் பார்க்காதபோது ஓர் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, 'பார், ஆம் என்றுதான் வருகிறது' என்று காட்டுகிறான். கதையின் முதல் பொய் இது. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கேமராவுக்குத் தெரியும். அந்த நொடியில் ஆல்பிரெக்டாக ஆடுபவரின் முகத்தைப் பாருங்கள். விளையாட்டாகக் கிள்ளுகிறாரா, கணக்குப் போட்டுக் கிள்ளுகிறாரா? இரண்டாம் அங்கத்தில் அவருடைய வருத்தத்தை நாம் எவ்வளவு நம்புவோம் என்பது இதில் தொங்குகிறது.

அந்த இடத்தில் ஒலிக்கும் மெட்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தம் கலங்கும் காட்சியில் ஆதாம் அதையே திரும்பக் கொண்டுவருகிறார், உடைந்து, தயங்கித் தயங்கி. ஜிசெல் கையில் பூ இல்லாமலே இதழ் பறிக்கிறாள். ஆடிய அடவுகளையே மறுபடி ஆட முயல்கிறாள். கால் முழு வடிவத்துக்குப் போகாமல் பாதியில் நின்றுவிடுகிறது. இங்கே தவறாக ஆடுவதுதான் சரியான ஆட்டம். எவ்வளவு தவறலாம் என்பதில்தான் திறமை. தலையைப் பிடித்துக்கொள்வது, கண்ணை உருட்டுவது என்று நடிப்பைக் கூட்டினால் அரங்கில் செல்லும், குளோசப்பில் தாங்காது. தலைமுடி அவிழ்ந்து தொங்குவது எப்படி நடக்கிறது என்று பலர் கவனிப்பதில்லை. அவள் சரிந்து விழும்போது தாயாக நடிப்பவர் அவளை அணைத்துக்கொண்டே கொண்டை ஊசிகளை எடுத்துவிடுகிறார். சில பதிவுகளில் இது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆல்பிரெக்டின் வாளை அவள் முனைப்பக்கம் பிடித்துத் தரையில் இழுத்துச் சுற்றுகிறாள். சில தயாரிப்புகளில் வாள் பிடுங்கப்பட்டு, அவள் இதயம் நின்று சாகிறாள். பீட்டர் ரைட் தயாரிப்பில் வாளால் குத்திக்கொள்கிறாள். இது சின்ன வேறுபாடல்ல. அவள் ஏன் தேவாலயத்து இடுகாட்டில் இல்லாமல் காட்டுக்குள் தனியாகப் புதைக்கப்பட்டிருக்கிறாள் என்ற கேள்விக்குத் தற்கொலை பதில் தருகிறது.

முதல் அங்கத்தில் நுட்பத்துக்காகப் பார்க்க வேண்டியது ஜிசெலின் தனி நடனம். 1841 இசையில் இது இல்லை. பின்னால் ரஷ்யாவில் சேர்ந்தது. மேடையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையை நோக்கி, இடது காலின் விரல் நுனி ஒன்றிலேயே துள்ளித் துள்ளிப் போகிறாள். வலது கால் காற்றில் நீண்டு மடங்கிக்கொண்டே இருக்கிறது. பாயின்ட் ஷூவின் முனை துணியும் பசையும் அடுக்கடுக்காக இறுகிய ஒரு சிறு கூடு. நிற்கும் தட்டையான பரப்பு ஒரு நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. துள்ளும்போது முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கணுக்கால் பூட்டியது போல இறுகியிருக்க வேண்டும். கணுக்கால் தளர்ந்தால் பாதம் முன்னோ பின்னோ சாயும், துள்ளல் தாளத்துக்குப் பின்தங்கும், உடனே தோள் குலுங்கத் தொடங்கும். எனவே காலைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பாருங்கள். தோள் அமைதியாக, முகம் சிரித்தபடி, கை பாவாடை நுனியைத் தொட்டபடி இருந்தால் கணுக்கால் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் கேமரா நம்மை ஏமாற்றும் விதம் விசித்திரமானது. அவளோடு சேர்ந்து கேமராவும் நகர்கிறது. அவள் எப்போதும் படச் சட்டத்தின் நடுவிலேயே இருக்கிறாள். விளைவு, நின்ற இடத்திலேயே துள்ளுவது போல ஆகிவிடுகிறது. அரங்கில் இருப்பவருக்கு அது மேடையின் மூலைவிட்டம் முழுவதையும் கடக்கும் நீண்ட பயணம். ஒவ்வொரு துள்ளலும் சேர்ந்துசேர்ந்து ஏறும். இதற்கு எளிய மருந்து உண்டு. அவளுக்குப் பின்னால் நகரும் குடிசையின் கதவையோ ஓரத்தில் நிற்கும் கிராமத்தாரையோ கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருங்கள். எவ்வளவு தூரம் போகிறாள் என்பது அப்போது தெரியும்.

இரண்டாம் அங்கம்: கேமரா தள்ளி நிற்க வேண்டிய இடம்

திரை விலகியதும் காடு. மிர்த்தா தனியாக மேடையைக் குறுக்கே கடக்கிறாள்: இரு கால்களும் விரல் நுனியில், ஒட்டி ஒட்டி, கண்ணுக்குப் பிடிபடாத சிறு எட்டுகள். பூரே என்று பெயர். கெண்டைக்கால் வரை இறங்கும் வெள்ளை வலைத்துணிப் பாவாடைக்குக் கீழே பாதங்கள் ஓடுகின்றன. மேலே தலை ஒரே மட்டத்தில் சறுக்கிப் போகிறது. தலையின் மட்டம் ஏறி இறங்கினால் முழங்கால் தடுமாறுகிறது என்று அர்த்தம். நல்ல மிர்த்தாவைக் கண்டுபிடிக்க இந்த முதல் அரை நிமிடமே போதும். ஆனால் அதைப் பார்க்கத் தலையும் பாதமும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். பாதத்துக்கு மட்டும் ஒரு குளோசப் வைத்தால் சிரமம் தெரியும், மிதப்பு தெரியாது. தன் நடனங்களைத் தலைமுதல் கால்வரை முழு உருவமாகவும், கூடியமட்டும் வெட்டாமலும் எடுக்க வேண்டுமென்று ஹாலிவுட்டில் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் 1930களிலேயே பிடிவாதம் பிடித்தார். பாலே பதிவுகள் பல அந்தப் பாடத்தை இன்னும் முழுதாகக் கற்கவில்லை.

இந்த அங்கத்தின் உச்சம் நாயகியின் நடனம் அல்ல, விலிகள் ஒருவரை ஒருவர் கடக்கும் காட்சி. பெரிய குழுக்களில் இவர்கள் பெரும்பாலும் 24 பேர். இரண்டு பாதியாகப் பிரிந்து மேடையின் இரு ஓரங்களில் வரிசைகளாக நிற்கிறார்கள். எல்லோரும் அரபெஸ்க் நிலைக்குப் போகிறார்கள்: ஒரு காலில் நின்று, மறு காலைப் பின்னால் நேராக நீட்டி, உடல் முன்னோக்கி. அந்த நிலை கலையாமல், ஊன்றிய காலைத் தட்டையாக வைத்துச் சிறு சிறு துள்ளல்களாக எதிர்த்திசையை நோக்கி நகர்கிறார்கள். வலப்பக்கத்து வரிசைகள் இடப்பக்கத்து வரிசைகளின் இடைவெளிக்குள் புகுந்து, கடந்து, மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த அரங்கிலும் கைதட்டல் எழும் இடம் இது.

இதில் எதைப் பார்ப்பது? முதலில், பின்னால் நீட்டிய கால்களின் உயரம். காலைத் தலைக்கு மேல் தூக்கக்கூடியவரும் அந்தக் குழுவில் இருப்பார். அவரும் மற்றவர் அளவுக்கே நிறுத்த வேண்டும். ஒரு கால் மட்டும் ஒரு சாண் உயர்ந்து நின்றால் 24 ஆவிகள் போய், 23 பேரும் ஒரு திறமைசாலியும் என்று ஆகிவிடும். அடுத்து, துள்ளலின் நீளம். குட்டையானவர்கள் சற்று நீட்டித் துள்ளாவிட்டால் வரிசை வில் போல வளையும். கடக்கும் நொடியில் யாரும் யாரையும் பார்க்கக்கூடாது. பார்வை பனி போலத் தாழ்ந்து ஓரிடத்தில் நிற்க வேண்டும். பிறகு பாத ஒலி. நாற்பதுக்கும் மேற்பட்ட பாயின்ட் ஷூக்கள் உள்ள மேடையில் அது தவிர்க்க முடியாது. புது ஷூவைத் தரையிலும் சுவரிலும் அடித்து மென்மையாக்கித்தான் ஆடுபவர்கள் இந்த அங்கத்துக்கு வருகிறார்கள். அப்படியும் நேரடிப் பதிவுகளில் மைக் அந்தத் தட்டொலியைப் பிடித்துவிடும். எல்லாம் ஒரே தட்டாகக் கேட்டால் குழு நன்றாக ஆடுகிறது.

கேமரா இங்கே எங்கே இருக்க வேண்டும்? அரங்கின் நடுவில், முதல் மாடி உயரத்தில், முழு மேடையும் தெரிய. தரைமட்ட இருக்கையின் உயரத்திலிருந்து எடுத்தால் முன்வரிசை பின்வரிசையை மறைக்கும். அதிலும் தொலைவிலிருந்து, தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் போட்டுவிட்டால் வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி சப்பையாகி, கோலம் வெறும் வெள்ளைக் கூட்டமாகிவிடும். நல்ல இயக்குநர் கடத்தல் தொடங்குவதற்கு முன்பே தள்ளிப் போய், முடியும்வரை வெட்டாமல் காத்திருப்பார். மோசமான பதிவில், நடுவில் ஒரு முகத்துக்கோ பாதத்துக்கோ வெட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் இரு பக்கமும் இடம் மாறி முடிந்திருக்கும். பதிவின் தரத்தைச் சோதிக்க வேறு எந்த இடத்தையும் தேட வேண்டாம். இந்த ஒரு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.

கேமராவின் உயரம் தாவல்களையும் மாற்றிக் காட்டும். கீழிருந்து பார்த்தால் தாவல் உயர்ந்து தெரியும். மாடியிலிருந்து பார்த்தால் அதே தாவல் தாழ்ந்து தெரியும். பல கேமரா வைத்த பதிவுகளில் இரண்டும் மாறிமாறி வரும். ஆகவே ஒரு கலைஞரின் தாவலை இன்னொருவருடையதோடு ஒப்பிடும்போது, இரண்டு ஷாட்டும் ஒரே உயரத்திலிருந்து எடுத்தவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் 'இவர் பறக்கிறார், அவர் பறக்கவில்லை' என்று சொல்லும் தீர்ப்புகளுக்கு மதிப்பில்லை. ஒரு தாவலுக்கு மூன்று பகுதி: முழங்கால் மடங்கும் பிளியே, காற்றில் நிற்கும் நொடி, விரல்நுனி, பாதத்தின் பந்து, குதிகால் என்று வரிசையாக இறங்கும் தரைதொடல். முழங்காலில் சட்டம் வெட்டப்பட்ட ஷாட்டில் முதலும் கடைசியும் காணாமல் போய், நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். எடையே இல்லாதவள் எழுகிறாள் என்ற மயக்கம் ஏற்படுவதே, எழுவதற்கு முன் அவள் எவ்வளவு சிறிதாக மடங்குகிறாள் என்பதைப் பார்ப்பதால்தான்.

ஜிசெலும் ஆல்பிரெக்டும் சேர்ந்து ஆடும் மெதுவான பகுதியில் தனி வயோலா ஒலிக்கிறது. வயலினைவிடச் சற்றுக் கனத்த, தொண்டை அடைத்தது போன்ற அந்தக் குரலை ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. டிவியின் ஒலிபெருக்கியில் தேய்ந்துவிடும். இங்கே ஜிசெல் ஒரு காலில் நின்றபடி மறுகாலைப் பக்கவாட்டில் மெல்ல விரிக்கிறாள். பிறகு அரபெஸ்க்கில் உடலை முன்னே தாழ்த்துகிறாள். மெதுவாகச் செய்வதுதான் கடினம். வேகம் இருந்தால் உந்துதலில் ஒளிந்துகொள்ளலாம். ஊன்றிய கணுக்கால் நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினாலும் பெரிய குற்றமில்லை. நடுக்கம் இடுப்புக்கு மேலே ஏறாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. ஆல்பிரெக்ட் அவளைத் தூக்கும்போது, அவன் தூக்கினான் என்றே தோன்றக்கூடாது. அவளே மேலே போகிறாள், அவன் பிடித்துவைக்க முயல்கிறான் என்று தோன்ற வேண்டும். அதற்கு அவள் சரியான தாளத்தில் தானே எம்ப வேண்டும். எம்பல் அரைநொடி பிந்தினால் அவன் முழுப் பாரத்தையும் கையால் தள்ள வேண்டியிருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். குளோசப் அதை இரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பகுதியில் கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதை வைத்து மதிப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. எங்கள் கருத்தில் அது தவறான அளவுகோல். ஜிசெல் பிறந்த ரொமான்டிக் கால பாலேயின் உடல் வடிவம் மூடியது: தோள் சற்று முன்சாய்ந்து, முழங்கை வட்டமாக, மணிக்கட்டுகள் தாழ்வாகக் குறுக்கிட்டு நிற்கும். நீண்ட பாவாடை அந்த வடிவத்துக்காகவே தைத்தது. கால் காதுவரை போனால் பாவாடை பின்னால் சரிந்து, ஆவி மறைந்து, வித்தை மிஞ்சுகிறது.

ஆல்பிரெக்டின் கடைசிச் சோதனை இரண்டு வடிவங்களில் ஆடப்படுகிறது. ஒன்று, நின்ற இடத்தில் நேர்மேலே தாவிக் காற்றில் கால்களைக் குறுக்கும் மறுக்குமாக மாற்றும் அந்த்ரஷா, தொடர்ச்சியாக. சிலர் 32 வரை போவதுண்டு. மற்றொன்று, மிர்த்தாவை நோக்கி மூலைவிட்டமாகக் கால்களைத் தட்டித் தட்டிப் பறந்து வரும் பிரிசே. முதலாவது எண்ணிக்கையால் அசத்தும். ஏதோ ஒரு சக்தி அவனை இழுக்கிறது என்று காட்டுவது இரண்டாவதுதான். கதைக்கு அதுவே பொருத்தம். அந்த்ரஷாவில் களைப்பு எங்கே தெரியும் என்றால், இறங்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். குதிகால் தரையைத் தொடாமலே அடுத்த தாவல் தொடங்கும். பாத்திரம் களைக்க வேண்டும், உடல் களைக்கக்கூடாது. இந்த வேறுபாட்டை ஒரே ஷாட்டில் பார்த்தால்தான் அறிய முடியும்.

திரை, வேகம், ஒளி

40 சென்டிமீட்டர் உயரத் தாவலில் உடல் காற்றில் இருப்பது ஏறக்குறைய 0.57 நொடி. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் படத்தில் அது 14 சட்டம். அதற்குள் கால்கள் மூன்று முறை இடம் மாறியிருக்கும். டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதி, அதாவது மோஷன் ஸ்மூத்திங், இயங்கிக்கொண்டிருந்தால் இல்லாத சட்டங்களை அது தானாக இட்டுக்கட்டும். கால்களைச் சுற்றி நிழல் படியும். அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். நிறங்களைக் கூட்டிக்காட்டும் விவிட் முறையும் வேண்டாம். வெள்ளை எரிந்து, பாவாடையின் அடுக்குகள் ஒரே வெள்ளைத் திட்டாகும். இரண்டாம் அங்கம் முழுவதும் கருநீல ஒளி. இணையத்தில் தாழ்ந்த தரத்தில் ஓட்டினால் அந்த நீலம் கட்டம் கட்டமாக உடையும். முடிந்தால் புளூரே, இல்லையென்றால் கிடைக்கும் உச்சத் தரம். அறை விளக்கையும் தணித்துவிடுங்கள்.

பழைய படங்களில் வேகமும் சிக்கல். 24 சட்டப் படத்தை ஐரோப்பிய ஒளிபரப்புக்காக 25 சட்டமாக ஓட்டும்போது எல்லாம் நான்கு விழுக்காடு விரைவாகும். இசையின் சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஊமைப்படக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ரஷ்ய பாலேக் கலைஞர் அன்னா பாவ்லோவா 1903இல் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கில் ஜிசெலாக ஆடிப் பெயர் பெற்றவர். 1924இல் ஹாலிவுட்டில் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸின் படப்பிடிப்புத் தளத்தில் அவருடைய குறுநடனங்கள் பதிவாயின. இத்தகைய ஊமைப் பதிவுகளைத் தவறான வேகத்தில் ஓட்டி, அந்தக் காலத்தவர் வெடுக் வெடுக்கென்று ஆடினார்கள் என்று நினைப்பது அநியாயம். ருக்மிணி தேவி அருண்டேல் பாவ்லோவாவைக் கண்டு வியந்து, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா தூண்டியதும், 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி சதிர் ஆடியதும், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்ததும் நம் நடன வரலாற்றின் பகுதி. பாவ்லோவாவின் துண்டுப் படங்களைத் தமிழ் வாசகர் ஒருமுறையாவது, சரியான வேகத்தில் ஓடும் பிரதியில், பார்க்க வேண்டும்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது

ராயல் பாலேயின் பீட்டர் ரைட் தயாரிப்பு 2006இல் அலினா கோஜோகாரு, யோஹான் கோபோர்க் நடிப்பிலும், 2014இல் நதாலியா ஒசிபோவா, கார்லோஸ் அகோஸ்டா நடிப்பிலும், 2016இல் மரியனெலா நூன்யெஸ், வதிம் முன்தகிரோவ் நடிப்பிலும் பதிவானது. தயாரிப்பு ஒன்றே என்பதால் ஆடுபவர் மாறினால் என்ன மாறுகிறது என்று கற்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒசிபோவாவின் தாவல் புகழ்பெற்றது. கோஜோகாருவிடம் பார்க்க வேண்டியது, சித்தம் கலங்கும் காட்சியில் அவர் எவ்வளவு குறைவாகச் செய்கிறார் என்பது.

அதன்பின் 1956க்குப் போங்கள். மாஸ்கோ பொல்ஷோய் குழு முதல்முறையாக லண்டன் வந்தபோது, இயக்குநர் பால் சின்னர் பல கேமராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு கலினா உலானோவாவின் ஜிசெலைப் படமாக்கினார், 1957இல் வெளிவந்தது. உலானோவாவுக்கு அப்போது 46 வயது. ஆல்பிரெக்டாக ஆடிய நிக்கோலாய் ஃபதேயெச்சேவ் இருபதுகளில் இருந்தார். குளோசப்பில் வயது தெரியத்தான் செய்கிறது. ஆனால் அவர் ஓடும்போது பாருங்கள். நடனமே அல்லாத வெறும் ஓட்டம் அது. ஒரு கிராமத்துச் சிறுமியின் ஓட்டம். கால் உயரம் இன்றைய கணக்கில் மிகக் குறைவு. வடிவம் எங்கும் உடையவில்லை.

1969இல் அமெரிக்கன் பாலே தியேட்டருடன் கார்லா ஃபிராச்சியும் எரிக் புரூனும் நடித்த படம் வேறு ரகம். இயக்குநர் ஹியூகோ நீபெலிங் கேமராவை ஆடுபவர்களுக்கு நடுவிலேயே கொண்டுபோய் வைத்தார். மேடைப் பதிவாக இல்லாமல் சினிமாவாகவே எடுத்தார். முதல் அங்கம் அதனால் நெருக்கமாகிறது. விலிகளின் கோலம் பலியாகிறது. இதை முதலில் பார்த்தால் ஜிசெலின் உருவமே விளங்காது. நான்கைந்து பதிவுகளுக்குப் பிறகு பார்த்தால் நிறையக் கிடைக்கும். 1977இல் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான நதாலியா மகரோவா, மிகைல் பரிஷ்னிகோவ் ஜோடியின் ஜிசெலில் படத் தரம் மங்கல்தான். என்றாலும் மகரோவா இரண்டாம் அங்கத்தில் இசைக்கு ஒரு மயிரிழை பின்னால் தங்கி ஆடும் விதத்துக்காக அந்த மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரே பதிவை இருமுறை பார்ப்பதாக இருந்தால், முதல்முறை இடையில் நிறுத்தாமல் பாருங்கள். நிறுத்தினால் ஆதாமின் மெட்டுகள் திரும்பி வருவது காதில் விழாது. மறுமுறை நாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டு ஹிலாரியனை மட்டும் தொடருங்கள். ஆல்பிரெக்டின் வாளில் உள்ள முத்திரையும், பிரபுக்களின் வேட்டைக் கொம்பில் உள்ள முத்திரையும் ஒன்று என்று அவன் கண்டுபிடிப்பதும், அந்தக் கொம்பை ஊதிப் பிரபுக்களைத் திரும்ப அழைப்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பொய் சொன்னவன் பிழைக்கிறான், உண்மையைச் சொன்னவன் சாகிறான் என்ற இந்தக் கதையின் உறுத்தலும் அப்போதுதான் உறைக்கும்.

மரபு வடிவம் மனத்தில் பதிந்த பிறகு அக்ரம் கானின் ஜிசெலுக்குப் போகலாம். கதக் பயின்ற பிரிட்டிஷ்-வங்கதேசக் கலைஞரான அவர், 2016இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேக்காக அமைத்தது, படமாகவும் வந்திருக்கிறது. திராட்சை அறுவடைக்குப் பதில் மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையின் புலம்பெயர்ந்த தொழிலாளிகள். கோட்டைக்குப் பதில் ஒரு பெருஞ்சுவர். விலிகள் கையில் நீண்ட கழிகள். இந்தப் பாலேயில் முதல் அங்கம் முழுவதும் தரையோடு ஒட்டிய ஆட்டம். விலிகள் விரல் நுனியில் ஏறி நிற்பது இரண்டாம் அங்கத்தில்தான். அங்கே அந்த நிலை அழகுக்காக அல்ல, மிரட்டலுக்காக. அவர் எதை எடுத்தார், எதை விட்டார், எதைத் தலைகீழாக்கினார் என்பது பழைய வடிவத்தின் சைகைகளும் வரிசைகளும் கண்ணில் இருப்பவருக்குத்தான் பிடிபடும்.